யூரியா சாக்கில் வந்த மண்

கடலூர் மாவட்டம் புவனகிரிப் பக்கத்து விவசாயி ஒருவர் யூரியா சாக்கில் மண் அள்ளிக்கொண்டு வந்தார். "மூணு வருஷமா ரசாயனமே போடலை சார், மண்ணு எப்படி மாறியிருக்குன்னு சொல்லுங்க" என்றார். நான் மண்ணைப் பார்க்கும் முன் சாக்கைத்தான் பார்த்தேன். அதில் ஒட்டியிருக்கும் தூளே முடிவைக் கெடுத்துவிடும். எங்கே எடுத்தீர்கள் என்றேன். எருக்குழி ஓரம், மேலாக ஒரு கை.

மண் பரிசோதனை வேலையில் நான் அதிகம் பார்த்தது இதைத்தான். மண்ணையும் நீரையும் கெடுக்காத நிலைத்த வேளாண்மைக்கு மாறுகிறவர்கள் மனதார மாறுகிறார்கள். மாறியது பலன் தந்ததா என்று அளக்கும்போதுதான் தடுமாறுகிறார்கள்.

மண்ணை எடுக்க ஒரு முறை இருக்கிறது. வரப்போரம், மரநிழல், எருக்குவியல் பக்கம் வேண்டாம். வயலில் 10, 15 இடங்களில் மேல்குப்பையை ஒதுக்கிவிட்டு, நெல் வயலானால் 15 செ.மீ. ஆழத்துக்கு ஆங்கில 'வி' எழுத்துப் போல வெட்டி, அந்த ஓரத்து மண்ணை மேலிருந்து கீழ்வரை சீவி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிரான இரண்டு பங்கைக் கழித்து, இப்படியே திரும்பத் திரும்பச் செய்து, அரைக் கிலோ மட்டும் துணிப்பையில் கொண்டுவந்தால் போதும். அடுத்த முறையும் அதே மாதம், அதே ஆழம். இல்லாவிட்டால் இரண்டு முடிவுகளை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

முடிவு வந்ததும் எல்லோரும் தழைச்சத்தைத்தான் (நைட்ரஜன்) தேடுவார்கள். நான் முதலில் அங்ககக் கரிமத்தை, அதாவது மட்கிய தழை, எருவிலிருந்து மண்ணில் சேரும் கரிமத்தை, பார்ப்பேன். 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைவு, 0.75-க்கு மேலே என்றால் நல்ல நிலை. அது ஒரே போகத்தில் ஏறிவிடாது. பசுந்தாள் உரப்பயிரான தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, பூக்கும் சமயம், ஏறக்குறைய 45 நாளில், மடக்கி உழுவதை வருடம் தவறாமல் செய்தால்தான் மெல்ல அசையும். அதுவரை வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். காய்ந்த மண்கட்டி ஒன்றைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மெதுவாகப் போடுங்கள். உடனே கரைந்து கலங்கினால் மண்ணில் பிடிப்பில்லை. கட்டி கலையாமல் நின்றால் நல்லது. உளுந்துச் செடியைப் பூக்கும் பருவத்தில் பிடுங்கி, வேர்முடிச்சைக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

அப்புறம் செலவுக் கணக்கு. நம் பக்கத்தில் உழவுக்கூலியைக் காணிக்குச் சொல்வார்கள், மகசூலை ஏக்கருக்குச் சொல்வார்கள். காணி என்பது சுமார் 1.32 ஏக்கர். இரண்டையும் கலந்து கணக்குப் போட்டு லாபம் என்று மகிழ்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சாணம், கோமியம், வெல்லம் சேர்த்த ஜீவாமிர்தக் கரைசல் கலக்கவும் களை எடுக்கவும் வீட்டுப் பெண்கள் இறங்கிய நாட்களையும் கூலியாக எழுதுங்கள். எழுதாவிட்டால் இயற்கை விவசாயம் எப்போதும் மலிவாகத்தான் தெரியும்.

தண்ணீர் இன்னும் மோசம். விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் நோட்டில் அது செலவாகவே வராது. அதனால் ரூபாயை விட்டுவிட்டு, மோட்டார் ஓடிய மணிநேரத்தை எழுதச் சொல்கிறேன். நெல்லில் எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்கத் தேவையில்லை. துளையிட்ட ஒரு பிளாஸ்டிக் குழாயை வயலில் பதித்து, தண்ணீர் மண்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கியதும் மறுபடி கட்டினால் போதும். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடாதீர்கள். கடலோரத்தில் கிணறு வைத்திருப்பவர்கள் நீரின் உப்பையும் வருடம் ஒருமுறை சோதியுங்கள். அதிகமாக உறிஞ்சினால் கடல்நீர் உள்ளே வரும். வந்தால் எந்த எருவும் காப்பாற்றாது.

சரி, மகசூல்? உரத்தை ஒரேயடியாக நிறுத்தினால் முதல் ஒன்றிரண்டு போகங்களில் குறையலாம். அதை மறைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு காணியில் மட்டும் தொடங்கி, பக்கத்துக் காணியைப் பழையபடி வைத்து ஒப்பிடுங்கள்.

இன்னொன்றையும் கேட்பேன்: வருடத்தில் எத்தனை மாதம் கையில் பணம் வருகிறது? 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடந்தபோது பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. முந்திரியை மட்டும் நம்பியிருந்த வீடு, புதுக்கன்று காய்க்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். கொல்லையில் மல்லாட்டையும் (நிலக்கடலை) கொட்டகையில் இரண்டு மாடும் வைத்திருந்தவருக்கு அடுத்த பட்டத்திலேயே ஏதோ ஒன்று கைக்கு வந்தது.

புவனகிரிக்காரரை மறுபடி முறையாக மண் எடுத்துவரச் சொன்னேன். கரிமம் அவர் நினைத்த அளவு இல்லை, குறைவு என்றே வந்தது. முகம் வாடிவிட்டது. நோட்டைக் கேட்டேன். பயிர்ப் பாதுகாப்புச் செலவு முன்பிருந்ததில் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது, மோட்டார் நேரமும் குறைந்திருந்தது. "அப்போ தக்கைப்பூண்டை விட்டதுதான் தப்பு" என்று அவரே சொன்னார். சம்பாவுக்கு முன் விதைக்க வேண்டியதை இரண்டு வருடமாக விதைக்கவில்லையாம். இந்த வைகாசியில் விதை வாங்கிவிட்டார்.