ஹாலோகிராம்: முழுப்பதிவும் அந்தரத் திரையும்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ‘ஹாலோகிராம்’ என்று மூன்று பொருள்களைச் சொல்கிறோம். டாஸ்மாக் பாட்டிலில் மினுங்கும் ஸ்டிக்கர் ஒன்று. செல்போன் கடை வாசலில் சுழலும் எல்.இ.டி. விசிறி காட்டும் படம் இன்னொன்று. அப்புறம், அறிவியல் புனைவுத் தொடர்களில் விண்கலத்துக்காரர்கள் காற்றில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் நீலத் திரை. இவற்றில் சொல்லின் அசல் பொருளுக்குப் பக்கத்தில் நிற்பது அந்த பாட்டில் ஸ்டிக்கர்தான்!

சொல் கிரேக்க வேரிலிருந்து வந்தது. ‘ஹோலோஸ்’ முழுமை, ‘கிராம்மா’ எழுதப்பட்டது. ஹங்கேரியில் பிறந்து இங்கிலாந்தில் வேலை பார்த்த டென்னிஸ் கேபர், எலக்ட்ரான் நுண்ணோக்கியின் படத்தைத் தெளிவாக்கப்போய் 1947-இல் இந்த முறையைக் கண்டார். சாதாரண ஒளிப்படம் ஒளியின் செறிவை மட்டும் பதியும். ஒளியலை எந்தக் கட்டத்தில், அதாவது ஏற்றத்திலா இறக்கத்திலா, வந்து சேர்ந்தது என்ற தகவல் தொலைந்துபோகும். கேபரின் முறையில் இரண்டும் பதிவாகும். பெயரில் ‘முழு’ என்று சொல்வது அதைத்தான். லேசர் ஹாலோகிராமின் தகட்டை உடைத்தால் துண்டிலும் முழு உருவம் தெரியும். பார்க்கும் கோணம் குறுகும், தெளிவு குறையும், அவ்வளவுதான். 1960-இல் லேசர் வந்த பிறகே முறை நன்றாகப் பலித்தது. கேபருக்கு நோபல் பரிசு 1971-இல்.

பதிவு என்றால் தகடோ படலமோ வேண்டும். வெறுங்காற்றில் ஒளி தானாக நின்று படம் காட்டாது. தொலைக்காட்சித் தொடரில் நடிகர் சும்மா கையை ஆட்டுவார், முகத்தில் நீல வெளிச்சம் அடிப்பார்கள், படம் பிறகு கணினியில் ஏறும். ஆனால் அதை வடிவமைப்பவருக்கு வேலை நிறைய. திரை ஊடுருவித் தெரிய வேண்டும். அப்போதுதான் நடிகரின் முகமும் தகவலும் ஒரே ஷாட்டில் அடங்கும். நீலம் தோல் நிறத்திலிருந்து பிரிந்து தெரியும். இது ஒளியால் ஆனது என்று நம்புவதற்காகவே கோடுகளும் நடுக்கமும் சேர்ப்பார்கள். எழுத்து யார் பக்கம் பார்க்க வேண்டும் என்பதுதான் பெரிய வம்பு. நடிகருக்கு நேராக வைத்தால் எதிரே இருக்கும் நமக்கு இடவலம் மாறும். நமக்கு நேராக வைத்தால் பாவம், அவர் எதைப் படிக்கிறார்? நிஜ அலுவலகத்தில் நாளெல்லாம் இப்படிக் கையை நீட்டி வேலை செய்தால் தோள்பட்டை கழன்றுவிடும்.

சரி, இவற்றைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘முப்பரிமாணப் படம்’ என்றால் கண்ணாடி மாட்டிப் பார்க்கும் சினிமாவும் அதில் சேர்ந்துவிடும். வேரைப் பார்த்து ‘முழுவரை’ என்று ஆக்கலாம். ஆனால் வரை என்பது மலைக்கும் பெயர், தீர்த்தமலைக்காரர் எந்த மலை என்று கேட்பார். ‘முழுப்பதிவு’ பொருந்துகிறது: அது முழுமையையும் சொல்கிறது, பதிவு என்பதையும் சொல்கிறது. தொடரில் வரும் திரைக்கு அந்தப் பெயரைக் கொடுக்க மனம் வரவில்லை, அது எதையும் பதியவில்லை. அந்தரத்தில் நிற்பதால் ‘அந்தரத் திரை’ என்பேன்; தொட்டு இயக்கும் ஏற்பாட்டையும் சேர்த்துச் சொல்ல ‘அந்தர இடைமுகம்’. கடை வாசல் விசிறிக்கு ‘விசிறிப் படம்’ போதும்.