ஹெர்பேரியம் – உலர்தாவரகம்

செடிகளை அழுத்தி உலர்த்தி, தாளில் ஒட்டி, பெயரும் குறிப்பும் எழுதி அடுக்கிவைத்த தொகுப்பு ஹெர்பேரியம். அந்தத் தொகுப்பு இருக்கும் இடத்துக்கும் அதே பெயர்தான்.

இலத்தீனில் 'ஹெர்பா' என்றால் புல், பூண்டு. அதிலிருந்து வந்த ஹெர்பேரியம் முதலில் மருந்துச் செடிகளைப் பற்றிய நூலைக் குறித்தது. 1700 வாக்கில் பிரெஞ்சுத் தாவரவியலாளர் தூர்நஃபோர் உலர்செடித் தொகுப்புக்கு அந்தச் சொல்லை எடுத்தாண்டார். ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயசும் அப்படியே எழுத, சொல் நிலைத்துவிட்டது.

ஆனால் தொகுப்பு, அந்தப் பெயருக்கு முந்தியது. 1540களில் இத்தாலியின் பீசா பல்கலைக்கழகத்தில் மருந்துச் செடிகளைக் கற்பித்தவர் லூக்கா கினி. அங்கே அவர் அமைத்த தோட்டம், உலகின் முதல் பல்கலைக்கழகத் தாவரவியல் தோட்டங்களில் ஒன்று. தோட்டம் இருந்தும் கினிக்கு ஒரு தடை: குளிர்காலத்தில் பாதிச் செடிகள் பட்டுப்போகும், மாணவர்களுக்கு எதைக் காட்டுவது? செடியை உலர்த்தித் தாளில் ஒட்டும் முறையைப் பரப்பியவர் அவரே என்பார்கள். அவருடைய தொகுப்பு எஞ்சவில்லை. மாணவர் செசல்பினோ 1563இல் முடித்த தொகுப்பு இன்றும் புளோரன்சில் இருக்கிறது. இத்தகைய தொகுப்பை அக்காலத்தவர் 'உலர்ந்த தோட்டம்', 'குளிர்காலத் தோட்டம்' என்றே அழைத்தார்கள். எவ்வளவு பொருத்தமான பெயர்கள்!

நமக்கும் இதில் பங்கு உண்டு. லின்னேயசின் மாணவர் கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து, இங்குள்ள செடிகளைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் உள்ள 'கோனிகி' அவரைக் குறிப்பதே.

தமிழில் எப்படிச் சொல்வது? 'மூலிகையகம்' சரிவராது, மூலிகை என்றால் மருந்துச் செடி மட்டுமே, இந்தத் தொகுப்பிலோ கோரைப்புல்லும் இருக்கும், பாசியும் இருக்கும். 'உலர் தாவரத் தொகுப்பு' தொகுப்பைச் சரியாகச் சொன்னாலும் இடத்தைச் சுட்டாது. 'உலர்தாவரகம்' இரண்டுக்கும் பொருந்துகிறது. என் தேர்வு அதுவே. ஒட்டிய ஒற்றைத் தாளை 'உலர்மாதிரி' எனலாம். பூவின் நிறம் உலர்ந்தால் மங்கிவிடும். ஆகவே நிறம், எடுத்த இடம், நாள், எடுத்தவர் பெயர் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதித் தாளின் ஓரத்தில் ஒட்டுவார்கள். அந்தச் சீட்டு இல்லாத உலர்மாதிரியால் ஆய்வாளருக்குப் பெரும்பாலும் பயனில்லை.

எடுத்துக்காட்டு: "கோயம்புத்தூர் உலர்தாவரகத்தில் இந்தச் செடியின் பழைய உலர்மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள்."