நெடுந்தீவு மட்டக்குதிரைகளுக்குப் பாண் போடாதீர்கள்

யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் இருக்கும் நெடுந்தீவின் குதிரைகளின் முன்னோரைக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கேயர் என்பதே பரவலான கருத்து. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், தீவுக்குத் தங்கள் நாட்டு நகரமான டெல்ஃப்டின் பெயரை இட்டு, குதிரை வளர்ப்பை முறையாக நடத்தினார்கள். கடலே வேலி, சிறுத்தை பயமில்லை, பரந்த புல்வெளி வேறு. லாயத்தின் கல்தூண்கள் இன்றும் நிற்கின்றன. ஆங்கிலேயரும் சில காலம் தொடர்ந்துவிட்டுக் கைவிட்டார்கள்.

லாயத்தில் நின்றவரை தண்ணீர் இறைத்து ஊற்ற ஆள் இருந்தது. இன்று தீவில் தம் பாட்டில் திரியும் குதிரைகளுக்கு அப்படி யாருமில்லை. தீவில் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படைதான் கிணறுகளுக்கு ஆதாரம். மோட்டர் போட்டு அளவுமீறி இறைத்தால் உப்பு மேலேறிவிடும். ஆடி, ஆவணியில் கேணிகளும் வற்றுகின்றன. 200 கிலோ எடையுள்ள குதிரைக்குச் சாதாரண நாளில் 10 லீற்றரும் கடும் வெயிலில் 20 லீற்றர் வரையும் தேவை. பால்கொடுக்கும் குதிரைக்கு இன்னும் கூட. அது கிடைக்காதபோது காய்ந்த நார்ப்புல் பெருங்குடலில் இறுகி அடைத்துக்கொள்கிறது. கட்டையாக மேய்ந்த புல்லோடு உள்ளே போகும் மணலும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம்.

தண்ணீர்த் தொட்டி கட்டுபவர்கள் ஒரே பெரிய தொட்டியாகக் கட்டிவிடுகிறார்கள். வலிய ஆண்குதிரை அதை மறித்து நிற்கும். குட்டியோடு வந்த தாய் குடிக்காமலே திரும்பும். சிறிய தொட்டிகளாக மூன்று நான்கை, ஒன்றுக்கொன்று முப்பது மீற்றராவது தள்ளி வையுங்கள். குட்டிக்கும் வாய் எட்ட வேண்டும். பாசியை வாராவாரம் தேய்த்துக் கழுவுங்கள். கட்டில்லாத பழைய கிணறுகளை மூடுங்கள். தாகத்தில் எட்டிப் பார்த்து உள்ளே விழுந்துவிடும்.

எலும்பு தெரியும் குதிரையைக் கண்டதும் இரக்கத்தில் பாணும் சோறும் போடுகிறோம். குதிரையின் இரைப்பை சிறியது. அதன் வாயிலிலுள்ள தசை இறுக மூடிக்கொள்வதால் வாந்தியும் எடுக்க முடியாது. மாப்பொருள் புளித்து வாயு பெருகினால் இரைப்பையே வெடிக்கலாம். பட்டினி கிடந்த உடலுக்கு வேறோர் ஆபத்தும் உண்டு. மாப்பொருள் திடீரென வந்ததும் இன்சுலின் உயர்ந்து, இரத்தத்திலுள்ள பொஸ்பரசும் பொட்டாசியமும் உயிரணுக்களுக்குள் இழுக்கப்படும். சில நாட்களுக்குள் இதயமும் மூச்சும் தளரும். கொடுப்பதானால் தண்ணீரும், கைப்பிடி கைப்பிடியாக நாளுக்கு ஆறேழு தடவை புல்லும் மட்டும் கொடுங்கள்.

2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவானது. விழுந்து கிடக்கும் குதிரையை இழுத்து எழுப்பாமல், நிழல் கட்டிவிட்டு வனசீவராசிகள் திணைக்களத்துக்கு உடனே அறிவியுங்கள்.