பழைய வீட்டுச் சுவரில் ஓதம்: பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் முன்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தை பிறந்ததும் புதுச்சேரியின் பழைய வீடுகளில் ஒரே கேள்விதான்: "சுவர் பொரிஞ்சு கொட்டுது, எந்த வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிக்கலாம்?" மரபுக் கட்டடப் பட்டியலில் உள்ள வீடானால் எங்கள் பதில்: எதையும் அடிக்காதீர்கள். முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

இந்த வீடுகளின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். ஒன்றரை அடி கனம் சாதாரணம். அடியில், மண்ணின் ஈரம் ஏறாமல் தடுக்கும் ஓதத் தடுப்புப் படை கிடையாது. மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் வெளியே விடும். இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் தலைமுறைகளாக நிற்கிறது. அதன் மேல் சிமெண்ட் பூசினால், இடுப்பளவுக்கு டைல்ஸ் ஒட்டினால், ஈரம் வெளியேற வழியின்றி மேலே ஏறும். முன்பு இரண்டடியில் நின்ற கறை நான்கடிக்குப் போகும். டைல்ஸ் பளபளவென்று இருக்கும், அதற்கு மேலே சுவர் உதிரும்.

கறையின் உயரமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். தரையிலிருந்து மூன்று, மூன்றரை அடிக்குள் நீளமாக, விளிம்பில் வெள்ளை உப்பு பூத்திருந்தால் அது மண்ணிலிருந்து ஏறும் அடி ஓதம். ஐந்தடிக்கு மேல் தனித்திட்டாக இருந்தால் மண்ணைக் குறை சொல்லாதீர்கள்: மேலே தூம்பு, ஏசி தண்ணீர்க் குழாய், மாடிக் குளியலறை இவற்றைப் பாருங்கள். மழையே இல்லாத நாளில், கடற்காற்று ஈரமாக வீசும்போது மட்டும் கறுத்து, காற்று மாறினால் மறைகிறதா? அது பெரும்பாலும் சுவருக்குள் தங்கிய உப்பு, காற்றின் ஈரத்தை இழுப்பது. ஈரமானி இந்த உப்பைப் பார்த்தும் எகிறும். அந்த எண்ணை மட்டும் நம்பி, ஈரம் ஏறாமலிருக்கச் சுவரைத் துளைத்து மருந்து ஏற்றும் ரசாயன ஊசிக்குப் பணம் கட்டாதீர்கள். இவ்வளவு கனமான, உள்ளே சந்து பொந்துள்ள சுவரில் அந்த மருந்து தொடர்ச்சியான படையாகப் பரவுவது அரிது.

சந்தேகம் தீராவிட்டால் ஓரடிச் சதுர பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்புறம் வியர்த்தால் அறைக் காற்றின் ஈரம். சுவரைப் பார்த்த பக்கம் வியர்த்தால் சுவரின் ஈரம்.

அடி ஓதத்துக்கு அடிக்கடி கிடைக்கும் காரணம் தெருவில்தான் இருக்கிறது. சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில், ஒரு காலத்தில் இரண்டு படி ஏறிப் போன வீட்டுக்கு இன்று இறங்கிப் போகிறோம். சாலையை நாம் வெட்ட முடியாது. வீட்டு எல்லைக்குள் சுவரை ஒட்டிய சிமெண்ட் தளத்தை ஓரடி அகலத்துக்கு உடைத்து, வெளிமட்டம் உள்தரைக்கு 150 மில்லிமீட்டராவது கீழே இருக்கும்படி மண்ணை எடுத்து, ஜல்லி நிரப்பி, தண்ணீர் வெளியே ஓடச் சரிவு கொடுக்கலாம். அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிவிடக் கூடாது. பூந்தொட்டிகளையும் சுவரோரத்திலிருந்து நகர்த்துங்கள்.

மாடியில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். மர உத்தரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட பழைய தளமான மெட்ராஸ் டெரஸில், அந்த உத்தரங்களின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும். கைப்பிடிச்சுவர் தளத்தைத் தொடும் மூலையில் விரிசல் விட்டால் தண்ணீர் நேராக அந்த முனைக்குத்தான் போகும். கீழே கறை தெரியும்போது முனை உளுத்திருக்கலாம். ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். எதிர்ப்பில்லாமல் இறங்கினால் பூச்சு வேலையை மறந்துவிட்டு முட்டுக்கொடுத்து, கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். கடற்கரைச் சாலையிலிருந்த பழைய நகராட்சிக் கட்டடமான மேரி, 2014 நவம்பர் 29 அன்று மழைக்காலத்தில்தான் இடிந்து விழுந்தது. கசியும் தளத்தின் மேல் சிமெண்ட் கான்கிரீட் ஊற்றுவது உத்தரத்துக்குப் பாரத்தை ஏற்றும், கசிவை மறைக்கும். பெயர்ந்த இடத்தை மட்டும் எடுத்து, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மரக்கட்டையால் அடித்து இறுக்கி, மேலே தட்டையான ஓடு (தட்டோடு) பதிப்பதுதான் முறை.

தண்ணீர் வருவது நின்ற பிறகுதான் பூச்சு. சிமெண்டை உளியால் மெதுவாக எடுங்கள். கறை எல்லைக்கு மேல் இன்னும் ஓரடி வரை எடுக்க வேண்டும். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, தாளில் அள்ளி அப்புறப்படுத்துங்கள். கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேயே போகும். ஆசிட் சுண்ணாம்பையே தின்றுவிடும். சுவர் உலர்வதற்குத் தோராயக் கணக்கு 25 மில்லிமீட்டருக்கு ஒரு மாதம். 450 மில்லிமீட்டர் சுவருக்கு ஒன்றரை வருடம்! அவ்வளவு நாள் செங்கல் தெரிய இருக்க முடியாதென்றால், உப்பை உறிஞ்சிக்கொள்ள ஒரு பலிப்பூச்சு பூசுங்கள்: இளக்கமான சுண்ணாம்புப் பூச்சு, ஓரிரு வருடத்தில் உதிர்த்துவிட வேண்டியது.

நிரந்தரப் பூச்சுக்கு, நீற்றிச் சில வாரங்கள் தண்ணீரில் ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய ஆற்று மணல் மூன்று பங்கு. கடல் மணல் கலந்தால் உப்பை நாமே வாங்கி வைத்த கதைதான். ஒரு படை 10 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். ஒன்று இறுகிய பின் அடுத்தது. சித்திரை வெயிலில் பூசினால் ஈரச் சாக்கு தொங்கவிட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் சாந்து இறுகாமல் பொடியும். சீக்கிரம் இறுகட்டும் என்று கொத்தனார் ஒரு சட்டி சிமெண்ட் போடப் பார்ப்பார், பக்கத்திலேயே நில்லுங்கள். மேலே சுண்ணாம்படிப்பு மட்டும். மஞ்சள் காவி கலந்துகொள்ளலாம், எமல்ஷன் கூடாது.

பட்டியல் கட்டடத்தில் முகப்புப் பூச்சு, தளம், உத்தரம் எதைத் தொடும் முன்னும் புகைப்படங்களோடு எழுத்துமூல அனுமதி கேளுங்கள். வேலை முடிந்ததும், மீதிக் கறையின் விளிம்பில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அடுத்த மார்கழியில் ஈரம் அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தால், தண்ணீர் வரும் வழி ஒன்று இன்னும் அடைபடவில்லை.