பண்பாட்டிடைத் தேர்ச்சி: சொல்லும் பொருளும்

'இன்டர்கல்ச்சரல் கொம்பிட்டன்ஸ்' என்னும் ஆங்கிலத் தொடரை ஆசிரியர் கல்வியில் 'பல்கலாசாரத் திறன்' என்று தமிழாக்குவோர் உளர். அது பொருந்தாது என்பது என் கருத்து. வேறுபட்ட மொழியும் வழிபாடும் வாழ்முறையும் உடைய பிள்ளைகளை விளங்கிக்கொண்டு, தன் வழக்கமே பொது வழக்கம் என்ற எண்ணத்தையும் சோதித்துப் பார்த்து, அவர்களோடு பொருந்தப் பழகிக் கற்பிக்கும் ஆற்றலையே அத்தொடர் குறிக்கிறது. மொழிக் கல்வி அறிஞர் மைக்கேல் பைரம் 1997இல் வெளியிட்ட நூலில் மனப்பாங்கு, அறிவு, பொருள்கொண்டு தொடர்புபடுத்தல், கண்டறிந்து ஊடாடல், விமரிசன விழிப்பு என இதனை ஐந்து கூறாக்கினார்.

ஆங்கிலத் தொடரின் வேர்கள் இலத்தீனில் உள்ளன. 'இன்டர்' என்பது இடையே. 'குல்த்தூரா' என்பது நிலத்தைப் பண்படுத்திப் பயிரிடல். 'கொம்பெத்தேரே' என்பது ஒன்றுகூடல், பொருந்துதல். பல என்பது எண்ணிக்கை. இடை என்பது உறவு. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி திருகோணமலை மாவட்டத்தில் முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் ஆகிய மூவினத்தாருள் எவரும் பாதித் தொகையை எட்டவில்லை. எனவே பல்பண்பாடு இங்கே பிறப்பிலேயே கிடைக்கிறது. இடைநின்று பழகும் ஆற்றலோ பயின்று பெறவேண்டியது.

பணியில் சேர்ந்த முதல் வாரம், இடாப்பில் முன்னால் இருப்பதே அழைக்கும் பெயர் என்றெண்ணி "முகம்மது" என்று கூப்பிட்டேன். நான்கு பிள்ளைகள் எழுந்தனர். ஐந்தாவது பிள்ளை தன்னை அழைப்பதாகவே உணரவில்லை. அவனுக்கு வரவில்லை என்று குறித்துவிட்டேன். "சேர், வீட்டில என்னை அப்படி ஒருத்தரும் கூப்பிடுறதில்லை" என்று அவன் பிறகு வந்து சொன்னபோது பட்ட வருத்தம் இன்னும் ஆறவில்லை. தமிழ்ப் பெயரின் முதலெழுத்துத் தகப்பனாரைக் குறிக்கும். சிங்களப் பெயரின் பல முதலெழுத்துகளிலோ பரம்பரையைச் சுட்டும், 'கே' என முடியும் பெயரும் பிள்ளையின் சொந்தப் பெயரும் அடங்கியிருக்கக்கூடும். இரண்டாம் மொழியாகத் தமிழ் கற்பிக்கச் சிங்களப் பாடசாலைக்குச் செல்பவர் இதை அறியாமல் ஒரு பிள்ளையைச் சரியாகப் பெயர் சொல்லிக் கூப்பிடவும் முடியாது.

'பண்பாடு' அண்மைக் காலச் சொல்லாக்கம். ஆயினும் அதன் கருத்துப் பழையது. 'பண்பெனப் படுவது பாடறிந்து ஒழுகுதல்' என்கிறது கலித்தொகை. திருக்குறளின் பண்புடைமை அதிகாரத்துக்கு விளக்கம் தரும் பரிமேலழகர், தாம் வழுவாது நின்றே எல்லார் இயல்புகளும் அறிந்து ஒத்து ஒழுகுதல் என்கிறார். தன் நிலையை இழக்காமலே பிறர் இயல்பை அறிதல் என்னும் இந்த வரையறையைவிடச் செறிவான ஒன்றை நான் கண்டதில்லை.

அடுத்தது 'கொம்பிட்டன்ஸ்'. தமிழ்நாட்டில் தேர்ச்சி என்றால் பரீட்சையில் வெற்றி; இலங்கையில் நாம் அதனைச் சித்தி என்போம். நம் ஆசிரியர் வழிகாட்டிகளில் தேர்ச்சி, தேர்ச்சி மட்டம் என்னும் சொற்கள் செயலில் காட்டக்கூடிய ஆற்றலையே சுட்டுகின்றன. 'தேர்' என்னும் வினைக்கு ஆராய்தல், தெளிதல் என்னும் பொருள்களும் உண்டு. ஆகவே இலங்கைத் தமிழில் 'பண்பாட்டிடைத் தேர்ச்சி' என்பதே பொருத்தம். கலாசாரம் என்ற சொல்லே பழகியவர்கள் 'கலாசாரங்களுக்கிடையிலான தேர்ச்சி' என எழுதினாலும் பொருள் கெடாது.