வெளிமாநிலக் கல்லூரியில் பேஸ்பால்: மைதானத்தைப் பார்க்கும் முன் ரோஸ்டரைப் படியுங்கள்

அமெரிக்காவில் பேஸ்பால் ஆடும் பிள்ளைகள் உள்ள வீடுகளில், பதினோராம் வகுப்பு தொடங்கப்போகும் ஆகஸ்ட் 1ஆம் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருப்பார்கள். கல்லூரி விளையாட்டின் மேல்மட்டப் பிரிவான டிவிஷன் 1இல் ஆடும் கல்லூரியின் கோச் ஒரு மாணவனை நேரடியாகக் கூப்பிட்டுப் பேசவும், "உனக்கு இடம் தருகிறோம்" என்று வாயால் சொல்லவும் அன்றிலிருந்துதான் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அனுமதிக்கிறது. அழைப்பு ஆயிரம் மைல் தள்ளியிருந்து வந்தால் வீடே பூரித்துப் போகும். அந்தப் பூரிப்பு அடங்கும் முன்பே பல குடும்பங்கள் முடிவெடுத்துவிடுகின்றன. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். வெளிமாநில மாணவர்களிடம் கூடுதல் கட்டணம் வாங்கும் அரசுப் பல்கலைக்கழகத்தைப் பொறுத்தவரை வெளிமாநிலப் பையன் கோச்சுக்கும் செலவு, பெற்றோருக்கும் செலவு. ஜார்ஜியாவில் ஹோப், ஜெல் மில்லர், ஃபுளோரிடாவில் பிரைட் ஃபியூச்சர்ஸ், லூயிசியானாவில் டாப்ஸ். இவை அந்தந்த மாநிலத்துப் பிள்ளைகள் நல்ல மதிப்பெண் எடுத்து உள்ளூரிலேயே படித்தால் கிடைக்கும் உதவித்தொகைகள். அப்படி வரும் உள்ளூர்ப் பையனுக்கு டியூஷனின் (கல்லூரிக் கல்விக் கட்டணத்தின்) பெரும்பகுதி மாநிலக் கணக்கிலேயே கழிந்துவிடும். கோச் தன் பேஸ்பால் பணத்தைத் தொடவே வேண்டியதில்லை. நியூஜெர்சியிலிருந்து வரும் பையனுக்கு அந்த வசதி கிடையாது. அவனுக்கு ஒன்று கோச் பணம் தர வேண்டும், இல்லையென்றால் அப்பா அம்மா தர வேண்டும். கோச் பணமும் தரவில்லை, ஆடும் வாய்ப்பைப் பற்றியும் தெளிவாகப் பேசவில்லை என்றால், உங்கள் மகனைத் தேவைப்பட்டுக் கூப்பிடவில்லை, எண்ணிக்கைக்காகக் கூப்பிடுகிறார் என்றுதான் பொருள்.

தேவைப்பட்டுத்தான் கூப்பிடுகிறார்களா என்பதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கல்லூரியின் விளையாட்டு இணையதளத்தில் பேஸ்பால் ரோஸ்டர் (அணி வீரர் பட்டியல்) பக்கத்தைத் திறந்து, ஒரு காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஒவ்வொரு வீரருக்கும் ஜெர்ஸி எண், ஆடும் இடம், எத்தனையாம் ஆண்டு, எந்தக் கையால் அடிக்கிறார், எந்தக் கையால் எறிகிறார், சொந்த ஊர், முன்பு படித்த பள்ளி அல்லது கல்லூரி என்று ஒரு வரிசை இருக்கும். அந்தக் கடைசி இரண்டு கட்டங்கள்தான் முக்கியம். வெளிமாநிலத்து ஊர்க்காரர்களைத் தனியாகக் குறியுங்கள். அவர்களில் பள்ளியிலிருந்து நேராக வந்தவர்கள் எத்தனை பேர், வேறு கல்லூரியில் ஓரிரு ஆண்டு ஆடிவிட்டு மாறி வந்தவர்கள் எத்தனை பேர் என்று பிரியுங்கள். பெரும்பாலானோர் மாறி வந்தவர்கள் என்றால், அந்தக் கோச் தூரத்திலிருந்து எடுப்பது வளர்ந்து முதிர்ந்த 21 வயது ஆட்டக்காரர்களைத்தான். 18 வயதுப் பையனை அங்கே அனுப்பினால் அவர்களோடு மோதித்தான் இடம்பிடிக்க வேண்டும். 2024லிருந்து, படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் கல்லூரி மாறி உடனே ஆடலாம் என்றாகிவிட்டது. அதன் பிறகு இந்தப் போட்டி மேலும் கூடியிருக்கிறது.

அடுத்து, அதே பக்கத்தில் ஆண்டை மாற்றி, இரண்டு வருடம் முந்தைய ரோஸ்டரைத் திறங்கள். அன்று முதலாண்டு மாணவர்களாக இருந்த வெளிமாநிலப் பையன்களின் பெயர்களை எழுதி, இன்றைய ரோஸ்டரில் எத்தனை பேர் மிச்சம் என்று பாருங்கள். ஏழு பேர் வந்து ஐந்து பேர் இருக்கிறார்கள் என்றால் நல்ல இடம். ஏழில் ஒருவர்தான் மிச்சம் என்றால், அந்த ஆறு பேர் எங்கே போனார்கள் என்று கோச்சிடம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பிறகு புள்ளிவிவரப் பக்கத்துக்குப் போய், முதலாண்டுப் பையன்கள் எத்தனை முறை மட்டை பிடித்தார்கள், எத்தனை இன்னிங்ஸ் பந்து வீசினார்கள் என்று பாருங்கள். டிவிஷன் 1 அணி வழக்கமான சீசனில் 56 ஆட்டம் வரை ஆடும். அதில் ஒரு பையன் பத்து தடவைதான் களத்துக்கு வந்திருக்கிறான் என்றால் மீதி நேரமெல்லாம் பெஞ்சில்தான். ஒரு மணி நேர வேலை இது. கல்லூரி வளாகத்தைச் சுற்றிப் பார்க்கும் இரண்டு நாள் பயணத்தில் தெரியாதது இதில் தெரிந்துவிடும்.

ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நின்று தடுக்கும் இடம்) ஆடும் பிள்ளையின் பெற்றோருக்குக் கூடுதலாக ஒரு சொல். பள்ளி அணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரனைத்தான் பெரும்பாலும் அந்த இடத்தில் நிறுத்துவார்கள். அதனால் கல்லூரிக்கு வருபவர்களில் நிறையப் பேர் பழைய ஷார்ட்ஸ்டாப்கள். ரோஸ்டரில் அந்த இடத்துக்கு ஒருவர்தான் இருக்கிறார் என்று மகிழாதீர்கள். உள்வட்டத்தில் (பேஸ்களை ஒட்டி) ஆடும் எல்லோரையும் எண்ணுங்கள்.

இப்போது எண்ணிக்கை விஷயம். 2025 ஜூனில், கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. அந்த ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளில் பேஸ்பால் அணிக்கு உச்ச எண்ணிக்கை 34. முன்பு ஒரு டிவிஷன் 1 அணி முழுவதற்கும் சேர்த்து 11.7 ஸ்காலர்ஷிப்தான், அதைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள். இப்போது 34 பேருக்கும் முழுதாகவே தரலாம். ஆனால் தர அனுமதி இருப்பது வேறு, தரப் பணம் இருப்பது வேறு. சமரசத்தில் சேராத கல்லூரிகளுக்குப் பழைய வரம்பு தொடர்கிறது. ஹார்வர்டு, யேல் உள்ளிட்ட ஐவி லீக் டிவிஷன் 1இல் இருந்தாலும் அங்கே விளையாட்டுக்கான ஸ்காலர்ஷிப்பே கிடையாது.

இந்த 34இல் ஒரு பொறி இருக்கிறது. செப்டம்பரில் வகுப்பு தொடங்கும்போதே எண்ணிக்கை 34 ஆக இருக்க வேண்டும் என்றில்லை. பேஸ்பால் போன்ற வசந்தகால விளையாட்டுகளுக்கு, முதல் போட்டி அல்லது டிசம்பர் 1, இதில் எது முந்துகிறதோ அதற்குள் குறைத்தால் போதும். 42 பேரை வரவழைத்து, இலையுதிர்காலப் பயிற்சி முழுக்க ஆட வைத்துப் பார்த்துவிட்டு, நவம்பரில் எட்டுப் பேரை அனுப்ப ஒரு கோச்சால் முடியும். உள்ளூர்ப் பையனுக்கு அது மனவருத்தம். வெளிமாநிலப் பையனுக்கோ அரை வருட வெளிமாநில டியூஷன் கட்டியாகிவிட்டது, தெரிந்தவர் யாரும் இல்லாத ஊர், அடுத்த பருவத்துக்கு வேறு கல்லூரி தேட இரண்டே மாதம். ஆகவே கோச்சிடம் நேராகக் கேளுங்கள்: "இலையுதிர்காலத்தில் மொத்தம் எத்தனை பேர் வருவார்கள்? அதில் பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்) எத்தனை?" நல்ல கோச் எண்ணைச் சொல்லிவிடுவார். ஸ்காலர்ஷிப் இல்லாமல் சேர்பவரை வாக்-ஆன் என்பார்கள். "ப்ரிஃபர்டு வாக்-ஆன்" என்ற சொல் இடம் உறுதியானதுபோல ஒலிக்கும். அது கோச்சை எந்த வகையிலும் கட்டுப்படுத்தாது.

பணக் கணக்கைப் பெற்றோர்தான் போட வேண்டும். கோச் போட்டுத் தர மாட்டார். ஒரு மாதிரிக் கணக்கு பார்ப்போம். உள்ளூர் அரசுப் பல்கலைக்கழகத்தில் டியூஷன், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து வருடம் 28,000 டாலர். வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தில் 56,000. "உங்கள் மகனுக்கு 40 சதவீத ஸ்காலர்ஷிப்" என்கிறார் கோச். 22,400 கழித்தால் மீதி 33,600. நான்கு வருடத்துக்கு 1,34,400. உள்ளூரில் ஒரு காசு ஸ்காலர்ஷிப் இல்லாமல் படித்தாலே 1,12,000தான் ஆகும். அதோடு, எதில் 40 சதவீதம் என்று கேட்க வேண்டும். மொத்தச் செலவிலா, டியூஷனில் மட்டுமா? டியூஷன் 40,000, அதில் மட்டும்தான் என்றால் கழிவது 16,000. நான்கு வருடத்துக்கு 1,60,000 கட்ட வேண்டிவரும். சதவீதமா, நிலையான தொகையா என்பதும் அதே அளவு முக்கியம். டியூஷன் வருடந்தோறும் ஏறும். நிலையான தொகை ஏறாது. ஒரு வருடத்துக்கான ஒப்பந்தமா, நான்கு வருடத்துக்கானதா என்பதையும் எழுத்தில் பாருங்கள்.

பேஸ்பால் பணத்தைவிட மதிப்பெண்ணுக்குக் கிடைக்கும் பணத்தைத்தான் நாங்கள் பெரிதாக மதிக்கிறோம். அலபாமா பல்கலைக்கழகம் போன்ற சில, பள்ளி மதிப்பெண்ணையும் எஸ்.ஏ.டி. அல்லது ஏ.சி.டி. நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணையும் வைத்து வெளிமாநில மாணவர்களுக்கும் தாமாகவே உதவித்தொகை தருகின்றன. தோள்பட்டை போனாலும், கோச் மாறினாலும், அணியிலிருந்து நீக்கினாலும், படிப்பு சரியாக இருக்கும்வரை அந்தப் பணம் வந்துகொண்டிருக்கும். மாநிலங்களுக்கு இடையிலான ஏற்பாடுகளும் உண்டு. மேற்கு மாநிலங்களின் டபிள்யூ.யூ.இ. திட்டத்தில் உள்ளூர்க் கட்டணத்தைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் வாங்க மாட்டார்கள். மத்திய மேற்கிலும் இப்படி ஒன்று இருக்கிறது. தெற்கில் அகடமிக் காமன் மார்க்கெட்: உங்கள் மாநிலத்தில் இல்லாத பட்டப்படிப்பை அண்டை மாநிலத்தில் உள்ளூர்க் கட்டணத்தில் படிக்கலாம், படிப்பை மாற்றினால் சலுகை போய்விடும். எல்லாக் கல்லூரிகளும் எல்லாப் படிப்புகளும் இவற்றில் இல்லை. சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

தனியார் கல்லூரியில் உள்ளூர், வெளியூர் என்ற பேதமே இல்லை, எல்லோருக்கும் ஒரே கட்டணம். டிவிஷன் 3 கல்லூரிகள் பெரும்பாலும் தனியார்தான். அங்கே விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. குடும்ப வருமானத்தையும் மதிப்பெண்ணையும் பார்த்துத் தருகிறார்கள். டிவிஷன் 1 என்ற பெயருக்காக இவற்றை ஒதுக்குவது பெரிய தவறு. இரண்டாண்டுக் கல்லூரிகளையும் அப்படித்தான் ஒதுக்குகிறார்கள். அவற்றின் விளையாட்டு அமைப்பான என்.ஜே.சி.ஏ.ஏ.வில் டிவிஷன் 1 அணிக்கு 24 ஸ்காலர்ஷிப் வரை தரலாம். நிறைய ஆடக் கிடைக்கும்.

"எங்கள் கேம்ப்புக்கு வா" என்று வரும் மின்னஞ்சல் அழைப்பு அல்ல, விளம்பரம். ஒரே நாளில் பல நூறு பேருக்குப் போகும். கோச் உண்மையாகவே பார்த்திருந்தால் கடிதத்தில் உங்கள் பையன் ஆடிய ஒரு குறிப்பிட்ட ஆட்டமோ அவன் வீடியோவில் இருந்த ஏதோ ஒன்றோ இருக்கும்.

தமிழ்க் குடும்பங்கள் பல கவனிக்கத் தவறும் ஒன்று விசா. பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் இருக்கும் பையனுக்கு மத்திய அரசின் கல்வி உதவி கிடையாது. ஸ்காலர்ஷிப் வாங்கலாம், வேலை செய்து சம்பாதிக்க அனுமதி இல்லை. ஆகவே பெயர், படம் வழியாக வரும் விளம்பரப் பணத்தையோ கல்லூரி பகிர்ந்து தரும் வருவாயையோ தொடும் முன் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். 21 வயது நிறையும் அன்று ஹெச்-4 முடிந்துவிடும். அது பெரும்பாலும் கல்லூரி மூன்றாம், நான்காம் ஆண்டில், சீசன் நடுவிலேயே வரலாம். எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகம் ஐ-20 என்ற சான்றுப் படிவம் தர வேண்டும். பிறந்தநாளுக்கு மாதங்கள் முன்பே தொடங்கவேண்டிய வேலை அது.

மருத்துவக் காப்பீடும் அப்படித்தான். அப்பாவின் காப்பீடு ஹெச்.எம்.ஓ. வகை (குறிப்பிட்ட மருத்துவர்களிடம் மட்டும் செல்லும் காப்பீடு) என்றால், வெளிமாநிலத்தில் அவசர சிகிச்சை தவிர மற்றதற்குப் பணம் வராமல் போகலாம். கல்லூரியின் காப்பீடு பல இடங்களில் குடும்பக் காப்பீட்டுக்குப் பிறகுதான் வரும். பிட்சருக்கு முழங்கைத் தசைநார் கிழிந்து டாமி ஜான் அறுவை சிகிச்சை என்றால் மீண்டும் பந்து வீச ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். எங்கே அறுவை சிகிச்சை, யார் பணம், உடற்பயிற்சி சிகிச்சை எங்கே என்று வீரர்களின் காயங்களைக் கவனிக்கும் அணியின் அத்லெடிக் ட்ரெய்னரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

தூரத்தைப் பற்றிக் கொஞ்சம். சீசன் பிப்ரவரி நடுவில் தொடங்கும். மினசோட்டா, மிச்சிகன் பக்கம் அப்போது பனி. முதல் சில வாரங்கள் அந்த அணிகள் பெரும்பாலும் தெற்கே போய்த்தான் ஆடும். டெக்சஸில் இருக்கும் பெற்றோருக்கு மகனின் ஆட்டம் வீட்டுப் பக்கத்திலேயே பார்க்கக் கிடைக்கலாம், ஆனால் அவனுக்கு வெள்ளிக்கிழமை வகுப்பு தவறிப்போகும். 2024இல் யூ.சி.எல்.ஏ.வும் யூ.எஸ்.சி.யும் பிக் டென் கான்ஃபரன்ஸில் (தங்களுக்குள் ஆடும் கல்லூரிகளின் குழு) சேர்ந்தன. நியூஜெர்சியின் ரட்கர்ஸும் அதே கான்ஃபரன்ஸ். கலிஃபோர்னியாவில் சேர்ந்தால் அலைச்சல் இல்லை என்ற எண்ணம் இனி செல்லாது. சீசனில் பயிற்சி வாரத்துக்கு 20 மணி நேரம்தான் என்று விதி. பயண நேரம் அந்தக் கணக்கில் வராது. பொறியியலோ மருத்துவத்துக்கு முந்தைய படிப்போ எடுக்க நினைக்கும் பையன், மதிய ஆய்வக வகுப்பும் மதியப் பயிற்சியும் மோதினால் எது விட்டுக்கொடுக்கும் என்று, கோச்சிடம் கேட்பதைவிட அணியில் அதே படிப்பு படிக்கும் பையனிடம் கேட்க வேண்டும். அணியில் அந்தப் படிப்பு படிப்பவரே யாரும் இல்லை என்றால் அதுவே பதில். கோடையில் வீட்டுக்கு வருவான் என்றும் நினைக்காதீர்கள். கேப் காட், நார்த்வுட்ஸ் போன்ற கோடை லீக்குகளுக்கு அனுப்பிவிடுவார்கள்.

கோச்சின் வாக்கும் கல்லூரிச் சேர்க்கையும் வேறு வேறு. டிவிஷன் 1இல் ஆட ஆங்கிலம், கணிதம் போன்ற 16 கோர் பாடங்களும் அவற்றில் 4க்குக் குறைந்தது 2.3 சராசரியும் வேண்டும். அந்த 16இல் பத்தை பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடித்திருக்க வேண்டும். இது ஆடும் தகுதிதான். சேர்க்கைக்கு அந்தக் கல்லூரி கேட்பது இதைவிட மிக அதிகமாக இருக்கலாம். வீரர் ஒரு கல்லூரியில் சேர்வதாக உறுதியளித்துக் கையெழுத்திட முன்பு இருந்த தேசிய ஒப்பந்தக் கடிதம் 2024 அக்டோபரில் நீக்கப்பட்டது. இப்போது கையெழுத்தாவது நிதியுதவி ஒப்பந்தம் மட்டுமே. அதில் அச்சாகியிருக்கும் தொகைதான் வாக்குறுதி. தொலைபேசியில் கேட்டது எதுவும் அதில் சேராது. கையெழுத்தான பிறகும், உள்ளூர் அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் போட்ட விண்ணப்பத்தைத் திரும்பப் பெறாதீர்கள். கோச் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார் என்ற செய்தி வசந்தகாலத்திலும் வரும். சேர்க்கையை உறுதிசெய்ய வழக்கமான கடைசி நாளான மே 1 வரை அந்தக் கதவு திறந்தே இருக்கட்டும்.