பழைய குவாட் பைக் வாங்குமுன் முன்சக்கரத்தை அசைத்துப் பாருங்கள்

போன வசந்த காலத்தில் ஒரு சனிக்கிழமை, பட்டறையை மூடப்போகும் நேரத்தில் ஒருவர் டிரெய்லரில் குவாட் பைக் ஒன்றை, அதாவது பைக் போல ஏறி உட்கார்ந்து ஓட்டும் நான்கு சக்கரப் பண்ணை வண்டியை, ஏற்றிக்கொண்டு வந்து நின்றார். ஆஸ்திரேலியாவின் வடக்கு விக்டோரியாவில் சில ஏக்கரில் பழமரங்கள் வைத்திருக்கும் தமிழர். முந்தைய நாள் பொழுது சாய்ந்த பிறகு, 200 கிலோமீட்டர் தள்ளி ஒரு பண்ணையில் வாங்கியிருக்கிறார். "எஞ்சின் அருமையாக ஓடுகிறது தம்பி. ஹேண்டில் மட்டும் ஒரு பக்கம் கொஞ்சம் இழுக்கிறது" என்றார்.

வண்டியை இறக்கி, ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கினேன். "அண்ணா, இந்தக் குமிழ் மேல் விரலை வையுங்கள்" என்று, சக்கரத்தை சஸ்பென்ஷன் கையோடு இணைக்கும் கீழ்ப்பக்கத்து உருண்டை மூட்டான பால் ஜாயின்டைக் காட்டினேன். சக்கரத்தின் உச்சியிலும் அடியிலும் கைகளை வைத்து முன்னும் பின்னும் தள்ளி இழுத்தேன். டக், டக். ஒவ்வொரு தள்ளலுக்கும் அந்த மூட்டு அவர் விரலுக்கு அடியில் எம்பி அமர்ந்தது. அவர் முகம் மாறிவிட்டது. சரிவான நிலத்தில் அந்த மூட்டு கழன்றிருந்தால், சக்கரம் மடிந்து சுமார் 300 கிலோ வண்டி அவர் மேலேயே புரண்டிருக்கும்.

எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் எஞ்சினை மட்டும் பார்த்துவிட்டு வாங்குகிறார்கள். எஞ்சின் போனால் பணம் போகும், அவ்வளவுதான். முன்பக்க மூட்டுகளும் டயர்களும் மோசமாக இருந்தால் வண்டி கவிழும். குவாட் பைக் அகலம் குறைந்தது, உயரத்தில் பாரம் தாங்குவது. ஆஸ்திரேலியப் பண்ணைகளில் கவிழ்ந்த வண்டியின் அடியில் சிக்கி, மூச்சுவிட முடியாமல் இறந்தவர்கள் பலர்.

அந்த மரணங்களால்தான் இங்கே சட்டம் மாறியது. 2021 அக்டோபர் 11 முதல், பண்ணை வேலைக்கான புதிய குவாட் பைக் எதுவும் ஓட்டுநர் பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் விற்பனைக்கு வரக்கூடாது. இருக்கைக்குப் பின்னால் தலைகீழ் 'ப' போல நிமிர்ந்து நிற்கும் இரும்பு வளைவு அது; வண்டி புரண்டாலும் அடியில் கொஞ்சம் இடம் விட்டுப் பிடித்துக்கொள்ளும். 28.81 பாகைக்குக் குறைந்த பக்கவாட்டுச் சாய்வில் இரு சக்கரத்தில் எழும்பிவிடக் கூடாது என்ற நிலைத்தன்மை விதியும் சேர்ந்தே வந்தது. ஹோண்டா, யமஹா போன்ற நிறுவனங்கள் இந்த விதிகளை ஏற்காமல் பண்ணை குவாட் விற்பனையிலிருந்து விலகிக்கொண்டன. பழைய ஜப்பானிய வண்டிகளுக்கு இங்கே இவ்வளவு கிராக்கி இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் உள்ளூரில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வண்டியைக் கைமாற்றும்போது இந்த விதி கட்டுப்படுத்தாது. விளம்பரத்தில் நீங்கள் பார்க்கும் பழைய வண்டியில் வளைவு இல்லாமலே இருக்கலாம். இல்லையென்றால் அதைப் பொருத்தும் செலவையும் விலையோடு சேர்த்துப் பேரம் பேசுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வாங்கிப் போனவர்களில் பாதிப்பேர் பிறகு வந்ததே இல்லை என்பது என் வருத்தம்.

விற்பவரிடம் போனில் பேசும்போதே ஒன்று சொல்லிவையுங்கள்: நான் வரும்வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். போனதும் எஞ்சின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சின் கிளம்பும்போது வரும் சிரமத்தையும் நீலப் புகையையும் நீங்கள் பார்க்க வேண்டாம் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். பகலில் போங்கள்.

எஞ்சினில் நான் முதலில் திறப்பது ஏர் ஃபில்டர் பெட்டியைத்தான். இந்த நாட்டு மண் மாவு போன்றது; ஆட்டு மந்தைக்குப் பின்னால் நாள் முழுதும் போகும் வண்டி அந்தப் புழுதியைத்தான் மூச்சாக இழுக்கிறது. ஃபில்டர் அழுக்காக இருப்பது பெரிய குற்றமில்லை, அதன் வேலையே அதுதான். ஃபில்டரைத் தாண்டி எஞ்சினுக்குப் போகும் குழாயின் உட்சுவரில் வெள்ளைத் துணியைச் சுற்றிய விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். துணியில் செம்மண் ஒட்டினால் புழுதி உள்ளே போயிருக்கிறது. பிஸ்டனையும் சிலிண்டரையும் அது உப்புத்தாள் போலத் தேய்த்திருக்கும். அந்த வண்டி இன்றைக்கு இனிமையாக ஓடலாம், அடுத்த அறுவடை வரை தாங்குமா என்பது சந்தேகம். எஞ்சின் ஓடிய மணி நேரம் குறைவு என்று மீட்டர் காட்டினாலும் துணி சொல்வதையே நான் நம்புவேன்.

அடுத்து கீழே குனிந்து டார்ச் அடியுங்கள். சஸ்பென்ஷன் கைகள் வண்டியின் ஃபிரேமோடு சேரும் இடங்களில் விரிசலோ, புது வெல்டிங்கோ, அங்கே மட்டும் புது பெயிண்டோ தெரிந்தால் காரணம் கேளுங்கள். பின் கேரியர் தொய்ந்திருந்தால் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியிருக்கிறார்கள். களைக்கொல்லித் தொட்டி சுமந்த வண்டி என்றால் பின்பகுதியில் போல்ட்டுகளும் மின்கம்பி முனைகளும் அரித்துப்போயிருக்கும். அச்சு மூட்டுகளின் கருப்பு ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா, இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல் பெட்டியின் எண்ணெய் பால் கலந்தது போல வெளுத்திருக்கிறதா என்றும் பாருங்கள். வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

டயர் விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். குவாட் டயருக்குக் காற்று மிகக் குறைவு, பெரும்பாலான வண்டிகளுக்கு 3 முதல் 7 பிஎஸ்ஐதான். கார் டயருக்கு வைத்திருக்கும் கருவியில் முள் அசையக்கூட அசையாது. குறைந்த அழுத்தத்துக்கென்று தனிக் கருவி உண்டு, கையோடு கொண்டு போங்கள். காற்று கூடிப்போனால் வண்டி பந்து போலத் துள்ளும். இடமும் வலமும் மாறுபட்டால் ஒரு பக்கம் இழுக்கும், சரிவில் அந்த இழுப்பே போதும். நான்கு டயர்களும் தயாரிப்பாளர் சொன்ன அளவில் இருக்கின்றனவா என்று கையேட்டோடு ஒப்பிடுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது சமதளத்தில் மெதுவாகப் போய் முன், பின் பிரேக்குகளைத் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். நான்கு சக்கர இயக்கம் உண்மையாகவே பிடிக்கிறதா என்பதைச் சரளையில்தான் அறியலாம். ஹெல்மெட் இல்லாமல் ஏறவே வேண்டாம்.

பணம் கொடுக்கும் முன் வண்டியின் ஃபிரேமில் பொறித்த எண்ணைப் படியுங்கள். தேய்த்திருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். எண் தெளிவாக இருந்தால் வண்டி மேல் கடன் இருக்கிறதா என்று காட்டும் மத்திய அரசுப் பதிவேடான பிபிஎஸ்ஆர் (PPSR) இணையதளத்தில் 2 டாலர் கட்டித் தேடுங்கள். முந்தைய உரிமையாளரின் கடன் தீராத வண்டியை வாங்கினால், கடன் கொடுத்தவர் வந்து எடுத்துப் போக முடியும்.

அந்தப் பழத்தோட்டக்காரரின் வண்டிக்கு இரு பக்கமும் பால் ஜாயின்ட், ஹேண்டில் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கடத்தும் டை ராட் முனைகள் எல்லாம் மாற்றினோம். அவரே கேட்டு வளைவும் பொருத்திக்கொண்டார். வேலை முடிந்த அன்று 12 வயது மகனையும் அழைத்து வந்திருந்தார். சிறுவன் இருக்கையையே பார்த்துக்கொண்டு நின்றான். பெட்ரோல் டாங்க் பக்கத்தில் இருந்த எச்சரிக்கை ஸ்டிக்கரின் மேல் படிந்திருந்த மண்ணைத் துடைத்துவிட்டு, அவனையே வாசிக்கச் சொன்னேன். 16 வயதுக்கு உட்பட்டவர்கள் ஓட்டக்கூடாது என்று அதில் எழுதியிருந்தது. அவன் இரண்டு முறை வாசித்தான். அப்பா சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.